ஆளுநருக்கு மகளாக்கப்பட்ட பெண்

1620ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 102 பயணிகளில் ஜான் ஹவுலண்டும் ஒருவர். இங்கிலாந்தின் ஹன்டிங்டன்ஷயரில் ஃபென்ஸ்டன்டன் என்ற ஊர் அவருக்கு. வசதி படைத்த ஜான் கார்வரின் பணியாளாகத்தான் கப்பல் ஏறினார். நடுக்கடலில் வீசிய புயலில் தவறி விழுந்தவர், தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார். அதன் பிறகு பிளிமத் குடியேற்றத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1673இல் கண்மூடினார். அவருடைய பத்துப் பிள்ளைகளும் வளர்ந்து ஆளாகிக் குடும்பம் கண்டதால் வழித்தோன்றல்கள் ஏராளமாகப் பெருகினார்கள். மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித், அதிபர்கள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு ஜார்ஜ் புஷ்கள் எல்லோரும் இந்தக் குடிவழியில் வருகிறவர்கள்தான். இந்தப் பத்துப் பிள்ளைகளின் தாய் எலிசபெத். அவர் யாருடைய மகள் என்ற கேள்விக்கு ஹவுலண்ட் குடும்பத்தினரிடம் வெகுகாலம் ஒரே பதில் இருந்தது: பிளிமத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்ற அதே ஜான் கார்வரின் மகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளிமத்தின் பழைய இடுகாட்டில் ஹவுலண்டுக்குக் கல் நட்ட வழித்தோன்றல்கள், அந்தச் செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆளுநர் மகளைப் பணியாளன் மணந்தான் என்பது கேட்பதற்கு நிறைவான கதை. ஆனால் அது நடக்கவே இல்லை.

தொடக்ககால அமெரிக்க மூதாதை ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு எலிசபெத்தின் வரலாற்றைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. வம்சாவளிப் பட்டியல்களில் பிழைகள் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பிழைகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை, அவற்றுக்கு ஒரு சாய்வு உண்டு என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது. பெயர் தெரியாத தகப்பனின் இடத்தில் பெயர் பெற்றவர் வந்து உட்காருகிறார்; ஏழையின் இடத்தில் செல்வரும், பணியாளின் இடத்தில் எசமானும் வந்துவிடுகிறார்கள். தலைகீழாக நடப்பது மிகவும் அபூர்வம். ஆகவே பட்டியலில் ஒரு பெரிய பெயர் தென்படும்போது, மற்ற இடங்களில் கேட்பதைவிடக் கடுமையான சான்றை அந்த இடத்தில் கேட்க வேண்டும்.

உண்மை வெளிப்பட்ட விதத்தைப் பார்ப்போம். பிளிமத்தின் இரண்டாம் ஆளுநரும் பல ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவருமான வில்லியம் பிராட்ஃபோர்டு, குடியேற்றத்தின் வரலாற்றைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். குடும்பத்தாரிடம் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி பிற்பாடு பாஸ்டனில் ஒரு தேவாலயத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த நூல் தொகுப்புக்குப் போயிற்று. அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் குழப்பத்தில் காணாமல் போயிற்று. 1844இல் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில், எங்கிருந்தோ எடுத்த பழைய வரிகள் சில இருந்தன. பத்தாண்டுகள் கழித்து அவற்றைப் படித்த மாசசூசெட்ஸ் அறிஞர்கள் இவை பிராட்ஃபோர்டின் வரிகள் ஆயிற்றே என்று கண்டுகொண்டார்கள். விசாரித்தபோது, 1855இல், முழுப் பிரதியும் லண்டன் பேராயரின் ஃபுல்ஹம் மாளிகை நூலகத்தில் இருப்பது உறுதியாயிற்று. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் அதை அச்சிட்டது. மூலப் பிரதி 1897இல் நாடு திரும்பியது. அதன் கடைசிப் பக்கங்களில், சுமார் 1651இல், கப்பலில் வந்தவர்களையும் முப்பது ஆண்டுகளில் அவர்களுக்கு நேர்ந்ததையும் பிராட்ஃபோர்டு வீடு வீடாக எழுதியிருக்கிறார். கார்வர் வீட்டில் அவர், மனைவி, டிசையர் மின்ட்டர் என்ற பெண், ஜான் ஹவுலண்ட் உள்ளிட்ட பணியாட்கள், ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறுவன். மகள் என்று எவரும் இல்லை. வேறொரு வரியில் ஜான் டில்லி, மனைவி, மகள் எலிசபெத் ஆகிய மூவர். ஹவுலண்ட் மணந்தது இந்த டில்லியின் மகளைத்தான் என்றும், பத்துப் பிள்ளைகளும் உயிரோடு இருப்பதாகவும், பேரப்பிள்ளைகளோடு சேர்த்து அவர்கள் வழியில் பதினைந்து பேர் என்றும் பிராட்ஃபோர்டு கணக்குச் சொல்கிறார். நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை இந்த ஒரு வரியில் முடிந்துபோயிற்று.

பிராட்ஃபோர்டு எழுதியதும் முப்பது ஆண்டுக்குப் பிந்தைய நினைவுதானே, ஒரு கிழவரின் நினைவை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் அந்தக் கப்பலில் வந்தவர். கார்வரின் வீட்டையும் டில்லியின் வீட்டையும் அறிந்தவர். ஹவுலண்டும் எலிசபெத்தும் அதே குடியேற்றத்தில் உயிரோடு இருக்கும்போது எழுதியவர். எலிசபெத்துக்குத் தந்தையை மாற்றி எழுதுவதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. குடும்பக் கதையைச் சொன்னவர்களுக்கோ ஆதாயம் உண்டு. ஆயினும் ஒரே சாட்சி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழு உறுதி 1976இல்தான் வந்தது. பெட்ஃபோர்டுஷயரின் ஹென்லோ என்ற சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டை ஆராய்ந்த ராபர்ட் லீ வார்டு, ஜான் டில்லி 1596 செப்டம்பர் 20 அன்று ஜோன் ஹர்ஸ்ட் என்ற கைம்பெண்ணை மணந்ததையும், அவர்களுடைய ஐந்து பிள்ளைகளில் கடைசியான எலிசபெத் 1607 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் பெற்றதையும் வெளிக்கொணர்ந்தார்.

வெறும் பெயர்ப் பொருத்தம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கொடிவழித் தேடலின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது. ஜான் டில்லி என்ற பெயர் அன்று பல ஊர்களில் இருந்தது. ஹாலந்தின் லைடன் நகரில் பட்டு நெய்த இன்னொரு ஜான் டில்லி, 1615இல் டச்சுப் பெண் ஒருத்தியை மணந்த பதிவு உண்டு. மேஃபிளவர் பயணிகள் பலர் லைடனிலிருந்து வந்தவர்கள் என்பதால் இவர்தான் அவர் என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்தப் பெண்ணை எலிசபெத்தின் வீட்டாராக எழுதிய பட்டியல்கள் இன்னும் உலவுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பது ஆள் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. ஹென்லோவில் கிடைத்தது வேறு வகைச் சான்று. பிராட்ஃபோர்டின் பட்டியலில் எட்வர்டு டில்லி என்ற இன்னொருவரும் மனைவியும் இருக்கிறார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் என்று ஹென்றி சாம்சன், ஹுமிலிட்டி கூப்பர் ஆகிய இருவர் அவர்களோடு இருக்கிறார்கள். ஹென்லோ பதிவேட்டில் ஜான் டில்லிக்கு எட்வர்டு என்ற தம்பி உண்டு. அவர் 1614இல் ஆக்னஸ் கூப்பரை மணக்கிறார். ஹென்றி சாம்சனின் ஞானஸ்நானமும் அங்கேயே நடக்கிறது, அவனுடைய தாயும் ஒரு கூப்பர். டில்லி, கூப்பர், சாம்சன் என்ற மூன்று குடும்பங்கள் ஒரே ஊரில் இப்படிக் கொண்டு கொடுத்து, கப்பலிலும் அதே உறவுமுறையோடு சேர்ந்து வருவது தற்செயலாக நேராது. தனி ஆளைத் தேடுகிறவர் ஒரு பெயரோடு நின்றுவிடுவார்; சுற்றத்தோடு சேர்த்துத் தேடுகிறவருக்குத்தான் ஊர் கிடைக்கும்.

எலிசபெத்தின் பெற்றோர் மறைந்துபோனதற்கு யாருடைய பொய்யும் காரணமில்லை. ஜான் டில்லி, ஜோன், சித்தப்பா எட்வர்டு, அவர் மனைவி நால்வரும் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்தார்கள். 13 வயதுப் பெண் அனாதையாக நின்றாள். அவளைக் கார்வர் வீட்டார் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 1621 வசந்த காலத்தில் கார்வரும் சில வாரங்களில் அவர் மனைவியும் இறந்துபோனார்கள். அந்த வீட்டில் பணியாளாக இருந்த ஹவுலண்ட் எலிசபெத்தை மணந்தார். மூத்த மகளுக்கு டிசையர் என்று பெயர் வைத்தார்கள். கார்வர் வீட்டில் இருந்த டிசையர் மின்ட்டரின் பெயர் அது. 1627 மே மாதம் பிளிமத்தார் கால்நடைகளைப் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களுக்குப் பங்கிட்டபோது, ஜான், எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர் என்று நால்வரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. திருமணத்துக்குப் பதிவு எதுவும் இல்லை; ஏதோ ஒரு தேதியை எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் அது ஊகம் என்று கொள்ளலாம். எலிசபெத் 1686இல் எழுதிய உயிலில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன, பெற்றோரின் பெயர் இல்லை. உயிலுக்கு வாரிசுகள் வேண்டும், பெற்றோர் எதற்கு? ஒவ்வொரு ஆவணமும் ஏதோ ஒரு தேவைக்காக எழுதப்பட்டது. அந்தத் தேவைக்கு அப்பாற்பட்ட செய்தியை அது நமக்காகச் சேர்த்து வைக்காது.

இங்கே இன்னோர் ஆட்சேபம் எழும். குடும்ப நினைவை இப்படி முழுக்கத் தள்ளிவிடலாமா? ஏடுகள் எழுதும் வசதி இல்லாத குடும்பங்களுக்கு வாய்மொழி ஒன்றுதானே வரலாறு? தள்ளிவிடச் சொல்லவில்லை. கார்வர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் உண்மையின் கரு இருக்கிறது. ஹவுலண்ட் கார்வர் வீட்டில் இருந்தார். எலிசபெத்தும் அநேகமாக அங்கே வளர்ந்தாள். ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதைக் குடும்பம் சரியாகவே நினைவில் வைத்திருந்தது. தலைமுறைகள் கடந்தபோது, ஒரே வீட்டில் இருந்தது ஒரே ரத்தமாகிவிட்டது. வாய்மொழி, எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதில் அருமையான வழிகாட்டி. என்ன உறவு என்று தீர்ப்புச் சொல்வதில் அதற்குப் பக்கச்சார்பு உண்டு. அந்தச் சார்பு எந்தத் திசையில் என்பதை முன்பே சொன்னேன்.

சாய்வு வாய்மொழியோடு நின்றிருந்தால்கூடப் பெரிய கேடில்லை. அமெரிக்காவில் அது வியாபாரமாகவே நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவிலிருந்து புதியவர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கியபோது, முன்பே வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் பழமையை நிறுவ முனைந்தார்கள். மேஃபிளவர் வழியினரின் பொதுச் சங்கம் தோன்றியது 1897இல். ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த குஸ்டாவ் அன்ஜோ, பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளிகளைப் பணம் வாங்கிக்கொண்டு தயாரித்துக் கொடுத்தார். அசல் ஆவணங்களோடு, இல்லாத உயில்களையும் இல்லாத பதிவுகளையும் கலந்து, அமெரிக்கக் குடியேறியை ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்தோடு ஒட்டவைப்பது அவருடைய வழி. அவர் 1942இல் இறந்துவிட்டார். நூலகங்களில் சேர்ந்துவிட்ட அவருடைய பட்டியல்களை இன்றும் பிரதி எடுக்கிறார்கள். அவர் வாடிக்கையாளர் ஒருவருக்காவது மூதாதையை உழவுத் தொழிலாளியாகப் பொய் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தப் புரட்டுகளுக்கு எதிராக டொனால்டு லைன்ஸ் ஜேக்கபஸ் போன்றவர்கள் 1920களிலிருந்து ஒவ்வோர் இணைப்புக்கும் சான்று கேட்டு எழுதினார்கள். ஹென்லோ கண்டுபிடிப்பு வெளியானதும் ஜேக்கபஸ் தொடங்கிய இதழில்தான்.

ஒவ்வோர் இணைப்புக்கும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எளிய கணக்கு. இன்று வாழும் ஒருவருக்கும் மேஃபிளவர் பயணிக்கும் இடையே பன்னிரண்டு தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்தந்தை யார் என்பது நூற்றுக்கு 95 உறுதி என்றால், கேட்க நல்ல உறுதிதான். பன்னிரண்டு முறை பெருக்கினால் மொத்த உறுதி 54 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். 99 விழுக்காடு உறுதி என்றாலும் முடிவில் மிஞ்சுவது 89 தான். நூறு பேர் ஒரே பட்டியலைப் பிரதி எடுத்திருப்பதால் இந்த எண் ஒரு புள்ளியும் உயராது. மேலும் நடுவில் இருக்கும் தலைமுறைகள்தான் பலவீனமானவை. 1790இல் தொடங்கிய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதியது. மனைவி, பிள்ளைகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவு 1841இல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஊர்ப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். நியூ இங்கிலாந்தைவிட்டு மேற்கே நியூயார்க், ஒஹையோ என்று நகர்ந்த குடும்பங்கள், பதிவேடு வைத்த ஊரிலிருந்து பதிவேடே இல்லாத ஊருக்குப் போனார்கள். 1752 வரை ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஹவுலண்டின் இறப்பு பழைய ஏட்டில் 1672, நம் கணக்கில் 1673. இது தெரியாதவர், தந்தை இறந்து ஓராண்டுக்குப் பின் மகன் பிறந்ததாகக் குழம்புவார்.

மரபணுச் சோதனை வந்துவிட்ட பிறகு ஏடுகள் எதற்கு என்பவர்களும் உண்டு. இரண்டு பேர் ஒரே மூதாதையின் வழியினர் என்று மரபணு சொல்லலாம். அந்த மூதாதையின் பெயர் டில்லியா கார்வரா என்று அதற்குத் தெரியாது. பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய மூதாதையர் இடங்கள் 4,096. அவர்களில் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து ஒரு துண்டு மரபணுகூட நமக்கு வந்துசேராமல் போக வாய்ப்பு மிக அதிகம். மகன்வழியே மட்டும் போகும் பரம்பரையில் மரபணு நல்ல சாட்சி. அங்கேயும் ஏட்டோடு சேர்த்தே பேசும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி கேட்கும் ஆட்சேபம் வேறு: ஒருவர் தம்மை ஆளுநர் வழியில் வந்தவர் என்று சொல்லிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் ஜானுக்கும் ஜோனுக்கும். தங்கள் பிள்ளையோடு கடல் கடந்து வந்து, கரையேறிய சில மாதங்களில் செத்த அந்த இருவரையும் அவர்களுடைய சொந்தப் பேரப்பிள்ளைகளின் வம்சமே மறந்துபோயிற்று. பிள்ளைகளற்று இறந்த ஓர் ஆளுநருக்கு, அவர் கேட்காத ஒரு பெருமை தரப்பட்டது. பெற்றவர்களுக்கு உரியது பறிபோயிற்று. பொய்யான மேன்மை ஒன்று பட்டியலில் ஏறும்போதெல்லாம் உண்மையான சாமானியர் ஒருவர் அதிலிருந்து இறங்குகிறார். இதைச் சிறிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

இந்தச் சாய்வு நம்மையும் தீண்டக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. 1635இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்கிழார், தாம் கப்பல் செலவு கொடுத்து அழைத்து வந்த ஆட்களின் பெயரைக் காட்டித் தலைக்கு 50 ஏக்கர் வீதம் நிலம் பெற்றார். அந்தப் பட்டியலில் ஒருவர் டோனி. கிழக்கிந்தியர் என்ற அடைமொழியோடு பதிவானவர். அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்தியர் என்று பேசப்படுகிறவர்களில் மிக முற்பட்டவர் இவர். ஆங்கிலேயர் அப்போது சோழமண்டலக் கரையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால், டோனி தமிழராக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. 2023இல் வெளியான பிருந்தா சாரியின் ஆங்கில நாவல் அவரைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவராகவே படைத்தது. நாவலுக்கு அந்த உரிமை உண்டு. குடிவழிக்கு இல்லை. மெனிஃபியின் பத்திரம் ஊரைச் சொல்லவில்லை, மொழியைச் சொல்லவில்லை; கிழக்கிந்தியா என்ற சொல்லுக்குள் அன்று சூரத்தும் மசூலிப்பட்டினமும் ஜாவாவும் அடங்கும். டோனி என்பது அவருக்கு வழங்கப்பட்ட பெயர், பிறப்பில் வைத்த பெயர் அல்ல என்று கொள்வதே பொருத்தம். அவரை நம்மவர் என்று எழுதிவிட ஆசைப்படும்போது, ஹவுலண்ட் வீட்டார் கார்வரை நோக்கிச் சாய்ந்த அதே சாய்வில் நாமும் நிற்கிறோம்.

ஆனால் அங்கே தேடுவதற்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மெனிஃபி வாழ்ந்த ஜேம்ஸ் சிட்டி வட்டாரத்தின் நீதிமன்ற ஏடுகள், பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டு, 1865இல் உள்நாட்டுப் போரின் முடிவில் நகரோடு எரிந்தன. நிலப் பத்திரங்கள் வேறு புத்தகங்களில் இருந்ததால் தப்பின. மற்ற வட்டாரங்களிலும் மேரிலாந்திலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் நீதிமன்றப் பதிவுகளில் கிழக்கிந்தியர் என்று குறிக்கப்பட்ட பணியாளர்களும் அவர்களுடைய வழியினரும் இடம்பெறுகிறார்கள். தங்களை அடிமையாக வைத்திருப்பது சட்டவிரோதம் என்று வழக்குத் தொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டப்படி ஒரு குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலை தீர்மானித்தது. ஆகவே விடுதலை கேட்டவர் தம் தாய் யார், அந்தத் தாய் எப்படி வந்தாள், சில வேளைகளில் பாட்டி யார் என்பதுவரை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு அதை மறுக்க வேண்டியிருந்தது. குமாஸ்தா இரண்டையும் எழுதினார். மேஃபிளவரில் வந்த எலிசபெத்தின் தாய் ஜோன் என்பதைத் தெரிந்துகொள்ள 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமை மறுக்கப்பட்ட இந்த மனிதர்களின் வழக்கு ஏடுகளிலோ தாயின் பெயர்தான் முதல் சான்று. தெற்காசிய வேர் கொண்ட தொடக்ககால அமெரிக்கக் குடும்பம் ஒன்றை உறுதியாக நிறுவ விரும்புகிறவர் டோனியிலிருந்து கீழே இறங்கப் பார்ப்பதைவிட, அந்த வழக்குகளில் பெயர் சொல்லப்பட்ட பெண் ஒருத்தியிலிருந்து தொடங்குவதே மேல்.